லண்டனிலிருந்து இரண்டு நாள் சைக்கிள் பயணம்: பழைய கிராமங்களும் அமைதியான சாலைகளும் எந்தப் பக்கம்?

இல்ஃபோர்ட்வாசி எழுதியது:

வணக்கம். நானும் மனைவியும் இல்ஃபோர்டில் இருக்கிறோம். சொந்த ஊர் காஞ்சிபுரம். போன வருடம் ஆளுக்கொரு பழைய ஹைப்ரிட் சைக்கிள் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் எப்பிங் காடு வரை போய்வருகிறோம். மே மாதக் கடைசியில் இரண்டு நாள் விடுப்பு எடுத்து, ஓர் இரவு எங்காவது தங்கி, பழைய கிராமங்கள் வழியாக மெதுவாகச் சுற்றிவர வேண்டும் என்று ஆசை. வேகம் வேண்டாம், மைல் கணக்கும் வேண்டாம். பிடித்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும், மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

மனைவி பள்ளிக்கூட நாட்களில் சைக்கிளில் போனவர். அப்புறம் நீண்ட இடைவெளி. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொள்ளலாம் என்கிறார். லாரிக்கும் வேகமாக வரும் காருக்கும்தான் பயம். எங்களிடம் கார் இல்லை, அதனால் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு போகிற தூரமாக இருக்க வேண்டும். இருவரும் சைவம்.

கேட்டவர்கள் எல்லாரும் காட்ஸ்வோல்ட்ஸ் என்கிறார்கள். அங்கேதான் போக வேண்டுமா, எங்களுக்குத் தோதாக வேறு இடம் உண்டா?

ரீடிங்வாசி எழுதியது:

காட்ஸ்வோல்ட்ஸ் அழகு என்பதில் சந்தேகமே இல்லை. தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள், லோயர் ஸ்லாட்டரின் ஓடை, சிப்பிங் கேம்டனில் 1627-இல் கட்டிய சந்தை மண்டபம், எல்லாம் பார்க்க வேண்டியவை. பாடிங்டனிலிருந்து மோர்ட்டன்-இன்-மார்ஷுக்கு நேர் ரயில் இருக்கிறது. ஆனால் அந்த ரயில்களில் சைக்கிள் வைக்கும் இடம் குறைவு, முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.

மே கடைசி வாரம் வங்கி விடுமுறையும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வரும். போர்ட்டன்-ஆன்-த-வாட்டர் பக்கம் அப்போது கார்கள் வரிசை கட்டி நிற்கும். பிராட்வே பக்கத்து ஏற்றமும் கடுமையானது. உங்கள் மனைவி சொல்வதை வைத்துப் பார்த்தால் முதல் பயணத்துக்குக் கிழக்குப் பக்கம்தான் நல்லது. வடமராட்சி அக்கா இதைப் பார்த்தால் விவரமாகச் சொல்வார்.

வடமராட்சி அக்கா எழுதியது:

தம்பி, நான் இருப்பது கொல்செஸ்டரில். பெற்றோல் தடை இருந்த காலத்து யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில் எல்லாவற்றுக்கும் சைக்கிளில் போய் வளர்ந்தவள். இங்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஸ்டூர் ஆற்றைத் தாண்டினால் சஃபோக் மாவட்டம் தொடங்கிவிடும். அங்கேயுள்ள ஒழுங்கைகளில், அதாவது குறுகிய கிராமத்துச் சாலைகளில், ஓடுவதுபோல எனக்கு மனம் நிறைந்த வேலை வேறில்லை. அதனால் நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒன்று. நிற்கப்போகும் இடங்களை எழுதிவிட்டு அப்புறம் வரைபடத்தைத் திறவுங்கள். மைலை வைத்துத் திட்டம் போட்டால் நாள் முழுக்க மைலுக்குத்தான் கணக்குச் சொல்லவேண்டி வரும். நாற்பது, ஐம்பது மைல் என்று வைத்துக்கொண்டு வருபவர்கள் பழைய நெசவுக் கிராமமான லாவெனத்தின் சந்தைச் சதுக்கத்தில் ஒரு படம் எடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பெரிய மனக்கவலை. அந்தச் சதுக்கத்தில் மட்டுமே ஒரு பின்னேரம் முழுக்க இருக்கலாம்.

நீங்கள் ஸ்ட்ராட்ஃபோர்டில் கொல்செஸ்டர் பக்கம் போகும் ரயிலில் ஏறி மார்க்ஸ் டேயில் இறங்குங்கள். அங்கே நிற்கிற ரயிலா என்று பார்த்து ஏறுங்கள். காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போகும் நேரத்தில் சைக்கிளுக்குக் கட்டுப்பாடு உண்டு, எனவே பத்து மணிக்குப் பிறகு வெளிக்கிட்டால் தொல்லையில்லை. மார்க்ஸ் டேயில் சட்பரி போகும் சின்ன ரயில் நிற்கும். சுமார் 20 நிமிடப் பயணம். அதற்குள் சாப்பல் பாலத்தைக் கடப்பீர்கள். கோல்ன் பள்ளத்தாக்கின் குறுக்கே 32 வளைவுகளோடு 1849-இல் செங்கல்லால் கட்டி முடித்தது. மேலே ஓடும்போது வயல்தான் தெரியும். பாலம் முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் சாப்பல் நிலையத்தில் இறங்கிக் கீழே போக வேண்டும், அது இன்னொரு நாளைக்கு.

சட்பரி ஓவியர் கெய்ன்ஸ்பரோ 1727-இல் பிறந்த ஊர். அவர் வீடு இப்போது காட்சியகம். ஆனால் காஞ்சிபுரத்துக்காரர் என்றபடியால் உங்களுக்கு வேறொன்று சொல்ல வேண்டும். இந்தச் சின்ன ஊர் இன்றைக்கும் பட்டு நெய்கிறது. லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளருக்குக் கூலியை நிர்ணயித்து 1773-இல் ஒரு சட்டம் வந்தது. உடனே முதலாளிகள் கூலி குறைந்த இடங்களைத் தேடி வேலையை வெளியே கொண்டுபோனார்கள். அப்படிச் சட்பரிக்கு வந்த பட்டுத்தறி இன்னும் போகவில்லை. நெசவாளர் தெருக்களில் மூன்று மாடி வீடுகளைப் பார்த்தால் நடு மாடி ஜன்னல் மட்டும் அகலமாக இருக்கும். தறி அங்கேதான் இருந்தது, வெளிச்சம் வேண்டும் அல்லவா.

சட்பரியிலிருந்து லாங் மெல்ஃபோர்டுக்கு ஏ134 வழியாகப் போக வேண்டாம், அது பெரிய சாலை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, தண்டவாளம் எடுத்த பழைய ரயில் பாதை ஒன்று ஆற்றோரமாக வடக்கே போகிறது. மண் பாதை, மட்டமானது, கார் வராது. மனைவிக்குப் பயம் தெளிய அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

மெல்ஃபோர்ட் தேவாலயத்துக்கு ஒரு மணிநேரமாவது வையுங்கள். அது கம்பளித் துணி வியாபாரிகளின் பணத்தில் 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. வெளிச் சுவரைச் சுற்றி நடந்தால் மேல் விளிம்பில் தீக்கல் பதித்த எழுத்துகள் ஓடுவதைக் காண்பீர்கள். பணம் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லி, அவர்களுக்காகப் பிரார்த்தியுங்கள் என்று கேட்கின்றன. நம் கோயில் கல்வெட்டில் விளக்குக்கு ஆடு கொடுத்தவரின் பெயர் இருப்பதை வாசித்துப் பழகியவர்களுக்கு அங்கே நிற்கும்போதே எல்லாம் விளங்கிவிடும். உள்ளே வடக்குக் கதவுக்கு மேல் ஒரு சிறு கண்ணாடி வட்டத்தில் மூன்று முயல்கள் ஓடுகின்றன. மொத்தம் மூன்றே காதுகள், ஆனாலும் ஒவ்வொரு முயலுக்கும் இரண்டு காது இருக்கும். கிழக்குக் கோடியில் இருக்கிற மாதா சிற்றாலயம் ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்தது. சுவரில் எழுதிய பெருக்கல் வாய்ப்பாடு இன்னும் அழியவில்லை. எனக்கு அந்தக் கட்டடம் முழுவதிலும் பிடித்தது அந்த வாய்ப்பாடுதான்.

அங்கிருந்து ஆக்டன் வழியாகப் போங்கள். ஆக்டன் தேவாலயத்தில் சர் ராபர்ட் டி ப்யூர்ஸ் என்ற வீரரின் பித்தளைத் தகடு இருக்கிறது. தரையில் பதித்த ஆளுயர உருவம், 14-ஆம் நூற்றாண்டு. சங்கிலிக் கவசத்தின் ஒவ்வொரு வளையமும் செதுக்கப்பட்டிருக்கும். மெல்ஃபோர்டுக்கு வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஊர்ப் பக்கமே திரும்புவதில்லை.

அப்புறம் லாவெனம். முதல் நாள் முழுக்கச் சேர்த்தாலும் சுமார் 10 மைல்தான். இரவு இங்கே தங்குங்கள், மே மாதம் என்றால் இப்போதே அறை பிடித்துவிடுங்கள்.

1524-இல் ராஜாவுக்குக் கட்டிய வரிக் கணக்கில் இந்தக் கிராமம் இங்கிலாந்திலேயே 14-ஆவது பணக்கார ஊர். யோர்க், லிங்கன் போன்ற நகரங்களைவிட அதிகம் கட்டியது. எல்லாம் நீலக் கம்பளித் துணியால் வந்த பணம். தேவாலயக் கோபுரத்தின் உயரம் 141 அடி. அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் டி வியர் பிரபுக்களின் நட்சத்திரமும் ஸ்பிரிங் குடும்பத்தின் வியாபாரக் குறியும் கல்லில் மாறிமாறி வரும். ஊர்ப் பிரபுவும் துணி வியாபாரியும் சேர்ந்து கட்டினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. சந்தைச் சதுக்கத்து கில்ட் மண்டபம் 1529-ஐ ஒட்டிக் கட்டியது. பிறகு சிறைச்சாலையாகவும் ஏழைகள் விடுதியாகவும் இருந்து, இப்போது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் பார்த்துக்கொள்கிறது.

அந்த 1524 வரிக்கு அடுத்த வருடமே, 1525-இல், பிரான்ஸ் சண்டைக்குப் பணம் வேண்டும் என்று எட்டாம் ஹென்றி இன்னொரு வரி கேட்டார். வரி கட்டினால் நெசவாளருக்குக் கூலி கொடுக்க முடியாது என்று முதலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். வேலை போனவர்கள் ஆயிரக்கணக்கில் லாவெனத்தில் கூடிவிட்டார்கள். கடைசியில் ராஜா வரியைக் கைவிட வேண்டியதாயிற்று. இன்றைக்கு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நடக்கிற தெருக்கள்தான் அவை.

அவ்வளவு பணமும் இரண்டு தலைமுறையில் வற்றியது. ஃபிளாண்டர்ஸிலிருந்து அகதிகளாக வந்த நெசவாளர்கள் கொல்செஸ்டரில் குடியேறி, மெல்லிய மலிவான துணி நெய்தார்கள். என் வீட்டுக்குக் கிட்ட டச்சுக் குடியிருப்பு என்ற பெயரில் அவர்கள் இருந்த தெருக்கள் இன்னும் உண்டு. லாவெனத்தின் கனத்த துணியை வாங்க ஆளில்லை. ஊர் ஏழையானது. ஏழையானதால்தான் வீடுகளை இடித்துப் புதுப் பாணியில் கட்ட யாரிடமும் காசில்லை, அப்படியே மிஞ்சின. அந்த வீடுகளின் அழகைப் பார்க்கும்போதெல்லாம் வேலை இழந்த நெசவாளரையும் நான் நினைத்துக்கொள்வேன். காஞ்சிபுரத்துக்காரரான உங்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வீடுகள் ஏன் சாய்ந்து நிற்கின்றன என்று மனைவி கேட்பார். காயாத பச்சை ஓக் மரத்தில் சட்டம் கட்டினார்கள். மரம் சுவரிலேயே காய்ந்து முறுக்கிக்கொண்டது. பல வீடுகளில் சட்டம் சாம்பல் நிறமாக இருப்பதையும் கவனியுங்கள். பழைய வழக்கப்படி சுண்ணாம்பு பூசி விட்டிருக்கிறார்கள். மற்ற ஊர்களில் காண்கிற கறுப்புப் பூச்சு பெரும்பாலும் பிற்காலத்து மோகம்.

பகல் கூட்டம் ஐந்து மணிக்கு மேல் குறைந்துவிடும். மே கடைசியில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். அந்த நேரம்தான் லாவெனத்தின் தெருக்களில் நடக்க வேண்டும்.

இரண்டாம் நாள் பிரெஸ்டன், கெட்டில்பாஸ்டன், செல்ஸ்வொர்த், லிண்ட்ஸி, கெர்ஸி, பாக்ஸ்ஃபோர்ட், அசிங்டன், ப்யூர்ஸ். திரும்பிச் சட்பரிக்கு வர வேண்டியதில்லை, ப்யூர்ஸும் அதே ரயில் பாதையில்தான் இருக்கிறது. 25 மைலுக்குள் முடியும். லாவெனத்திலிருந்து தெற்கே போகும் ஏ1141-ஐ எடுக்காமல் பிரெஸ்டன் பக்கம் ஏறிவிடுவது முக்கியம். கெட்டில்பாஸ்டனைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் மே மாதம் இருபுறமும் இடுப்பளவு வெள்ளைப் பூ நிற்கும். கொத்தமல்லிக் குடும்பத்துச் செடி, பூவும் அச்சாக அதுபோலவே இருக்கும். வேலி முழுக்க ஹாதோர்ன் என்ற முள்செடி பூத்திருக்கும். வயலுக்கு மேலே வானம்பாடி பாடிக்கொண்டே இருக்கும். ஒரு கார்கூட வராமல் அரை மணிநேரம் ஓடலாம். பிரபலமான ஊர்களைவிட அவற்றுக்கு நடுவில் இருக்கிற இந்த ஒழுங்கைகளுக்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

செல்ஸ்வொர்த்தில் பிரெட் ஆற்றின் மேல் சின்னக் கூன் பாலங்கள் உண்டு. மதியச் சாப்பாட்டைப் பொதியாகக் கட்டிக்கொண்டு வந்தால் அந்தப் பக்கத்தில் உட்காருங்கள். லிண்ட்ஸியில் வைக்கோல் கூரை வேய்ந்த 13-ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. 1547-இல் வழிபாடு நின்று, 1930 வரை தானியக் களஞ்சியமாக இருந்தது. உள்ளே பீடமோ நாற்காலியோ எதுவும் கிடையாது. வெறும் சுவர், மரக் கூரை, குளிர்ச்சி. கட்டணம் இல்லை.

கெர்ஸியில் தேவாலயம் மேட்டில் இருக்கும். அங்கிருந்து ஒரே தெரு பள்ளத்துக்கு இறங்கி, ஓடையைக் கடந்து, மறுபக்கம் ஏறும். ஓடைக்கு மேலே பாலம் கட்டவில்லை, தெருவே தண்ணீருக்குள் இறங்கிப் போகிறது. சைக்கிளில் அதற்குள் போகாதீர்கள், அடியில் பாசி. ஓரத்தில் நடைபாலம் உண்டு, தள்ளிக்கொண்டு போகலாம். வாத்துகளுக்கு அங்கே முதல் உரிமை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கிராமத்து பப்களில் சமையல் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை மணிக்கு நின்றுவிடும், மாலையில்தான் திரும்பத் தொடங்கும். திங்கட்கிழமை பல இடங்கள் பூட்டு. சைவமாக ஒன்றிரண்டு எங்கும் கிடைக்கும். ஆனால் கையில் எலுமிச்சைச் சோறோ ரொட்டியோ இருந்தால் நேரத்துக்குக் கட்டுப்பட வேண்டாம். தேவாலய முற்றத்து வாங்கில் உட்கார்ந்து சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். குப்பையை மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

இல்ஃபோர்ட்வாசி எழுதியது:

அக்கா, இரண்டு முறை படித்துவிட்டேன், மனைவிக்கும் படித்துக் காட்டினேன். சட்பரிப் பட்டு விஷயம் கேட்டதும் என் மாமனாருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அவர் தறி வைத்திருந்தவர். மனைவியின் கேள்விகள் இவை. அவ்வளவு குறுகிய ஒழுங்கையில் கார் எதிரே வந்தால் என்ன செய்வது? வழி தவறாமல் எப்படிப் போவது? கெர்ஸியைத் தவிர வேறெங்கே ஏற்றம்? சைக்கிளில் என்னென்ன மாற்ற வேண்டும் என்றும் யாராவது சொன்னால் நல்லது.

வடமராட்சி அக்கா எழுதியது:

மாமனாருக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

காகித வரைபடம் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். ஆர்டனன்ஸ் சர்வே லேண்ட்ரேஞ்சர் 155-ஆம் தாளில் இந்தப் பகுதி இருக்கிறது. அதில் மெல்லிய மஞ்சள் கோடாக இருப்பவைதான் நமக்குரிய ஒழுங்கைகள், 4 மீட்டருக்குக் குறைவான அகலம். சிவப்பும் செம்மஞ்சளும் வந்தால் குறுக்கே கடப்பதற்கு மட்டும். தொலைபேசி வழி சொல்வது வசதிதான், ஆனால் அது நடைபாதைக்குள்ளும் உழுத வயலுக்குள்ளும் கூட்டிப்போகும். சட்டப்படி நடைபாதையில் சைக்கிள் ஓட்ட உரிமை இல்லை. குதிரைப் பாதையில் 1968-லிருந்து உண்டு, மழை பெய்திருந்தால் சேறு. ஒவ்வொரு சந்தியிலும் கை காட்டி மரம் நிற்கும். நின்று, அடுத்த ஊரின் பெயரைப் படித்து, தாளில் விரலை வைத்துப் பார்த்துப் போனால் இரண்டாவது நாளே மனைவி உங்களுக்கு வழி சொல்வார்.

கார் விஷயம். பயத்தில் வேலியோடு ஒட்டிக்கொண்டு ஓட்டக்கூடாது. அப்படி ஓட்டினால் பின்னால் வருபவர் இடிக்காமல் நுழைந்துவிடலாம் என்று நினைப்பார். ஒழுங்கையின் நடுவில் ஓட்டுங்கள், 2022-இல் திருத்திய சாலை விதிநூலும் அமைதியான சாலைகளில் அதைத்தான் சொல்கிறது. முந்துபவர் 30 மைல் வேகம் வரை குறைந்தது ஒன்றரை மீட்டர் விட்டு முந்த வேண்டும் என்பதும் அதில்தான் வந்தது. பின்னால் கார் வந்தால் வயல் கேற் ஒன்று வரும்வரை நிதானமாகப் போய், ஒதுங்கி, கை காட்டி அனுப்புங்கள். அநேகமாக எல்லாரும் கை அசைத்து நன்றி சொல்லிப் போவார்கள். எதிரே வந்தால் நின்றுவிடுங்கள். கறுப்புக் கோடு போட்ட வெள்ளை வட்டப் பலகையைக் கண்டு குழம்ப வேண்டாம், சட்டப்படி 60 மைல் வரை போகலாம் என்று பொருள். அந்த வளைவுகளில் யாரும் அவ்வளவு வேகத்தில் போக முடியாது. ஆனாலும் கண் தெரியாத திருப்பத்தில் மணி அடியுங்கள். குதிரையில் வருபவரைக் கண்டால் தூரத்திலேயே குரல் கொடுத்து, மெதுவாக, விலகிப் போங்கள். மணி வேண்டாம், குதிரை மிரளும்.

ஏற்றம் உண்டு. சஃபோக் தட்டையான நாடு என்று சொல்பவர்கள் இந்தப் பக்கம் சைக்கிளில் வந்ததில்லை. பிரெட், பாக்ஸ், ஸ்டூர் ஆறுகளின் பள்ளத்தாக்கில் இறங்கினால் ஏறத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் சிறியது. தள்ளிக்கொண்டு போனாலும் பத்து நிமிடத்தில் மேலே வந்துவிடலாம். தென்மேற்குக் காற்றுத்தான் சிலவேளை ஏற்றத்தைவிடக் களைக்க வைக்கும். காற்று அடிக்கும் நாளென்றால் காலையில் முந்தி வெளிக்கிடுங்கள்.

வார இறுதி என்றால் முதல் நாள் இரவே ரயில் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். பாதையில் வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். அதில் மடக்காத சைக்கிளை ஏற்ற முடியாது.

நாரிச் மெக்கானிக் எழுதியது:

அக்கா சொன்ன வழிக்குச் சைக்கிளில் பெரிய மாற்றம் எதுவும் தேவையில்லை. டயர் மட்டும் 35 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல், முள் ஏறாதபடி உள்ளே பட்டை வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். காற்றைக் கல் மாதிரி அடிக்காதீர்கள். கொஞ்சம் மென்மையாக இருந்தால் மண் பாதையிலும் பிடிமானம் இருக்கும், மணிக்கட்டும் வலிக்காது. முன் பல்சக்கரத்தில் சின்னது ஒன்று இருக்கிறதா, பின்னால் பெரிய சக்கரத்தில் 32 பல்லுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கெர்ஸி மேட்டையும் உட்கார்ந்தே ஏறலாம்.

நீங்கள் மே மாதம் போவதும் நல்லது. மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வேலி வெட்டத் தடை, பறவைகள் கூடு கட்டும் காலம் அது. செப்டம்பரில் வெட்டத் தொடங்குவார்கள். சாலை முழுக்க ஹாதோர்ன், பிளாக்தோர்ன் முள் கிடக்கும். இலையுதிர் காலத்தில் கடைக்கு வருகிற பஞ்சர்களில் பாதி அந்த முள்தான். அதே பருவத்தில் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு அறுவடையும் நடக்கும். பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஆலைக்குக் கிழங்கு ஏற்றிப்போகிற வண்டிகள் சாலையில் சேற்றைக் கொட்டிவிடும், வழுக்கும்.

பை முதுகில் வேண்டாம். பின் கேரியரில் இரு பக்கமும் தொங்கவிடுங்கள், கனமானது அடியில். மாற்று டியூப் இரண்டு, டயர் நெம்பி, கைப் பம்ப், ஆலன் சாவிகள் போதும். விளக்கு பகலிலும் எரியட்டும், மரம் கவிந்த ஒழுங்கை இருட்டாக இருக்கும். போவதற்கு முந்தைய வாரம் பிரேக் கட்டையைப் பாருங்கள். ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் சைக்கிள் சரியாக இருக்க வேண்டும்.

இல்ஃபோர்ட்வாசி எழுதியது:

நன்றி. டயருக்குச் சொல்லிவிட்டேன், லாவெனத்தில் அறையும் கிடைத்துவிட்டது. அக்கா, பாக்ஸ்ஃபோர்டுக்கு அப்புறம் என்ன பார்க்க வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லையே? கடைசிப் பகுதி சும்மா ரயிலைப் பிடிக்கிற ஓட்டமா?

வடமராட்சி அக்கா எழுதியது:

ஐயோ, இல்லை. கெர்ஸியோடு எழுதிக் களைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

பாக்ஸ்ஃபோர்டுக்கு அரை மைல் முன்னால் கிராட்டன். மாசசூசெட்ஸ் குடியேற்றத்தை நடத்த 1630-இல் கப்பல் ஏறிய ஜான் விந்த்ரொப் இந்தச் சின்ன ஊரின் நிலப்பிரபு. பாக்ஸ்ஃபோர்டுப் பக்கத்தில் ஏ1071-ஐக் கடக்க வேண்டும். இறங்கித் தள்ளிக்கொண்டு கடவுங்கள். பாக்ஸ்ஃபோர்ட் தேவாலயத்தின் வடக்கு வாசல் முகப்பு முழுவதும் மரத்தில் செய்தது, 14-ஆம் நூற்றாண்டு. உள்ளே டேவிட் பேர்ட் என்ற குழந்தையின் சிறிய பித்தளைத் தகடு, 1606. கட்டிலில் போர்த்திப் படுத்திருப்பது போலச் செதுக்கி, கட்டிலுக்குக் கீழே சப்பாத்தையும் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு உடனே சைக்கிளில் ஏற எனக்கு முடிவதில்லை.

மனம் லேசாக வேண்டுமென்றால் ஊர் பப் வாசலுக்கு வாருங்கள். டோர்னாடோ ஸ்மித் என்று 1930-களில் மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பேர்பெற்றவர் இந்த ஊர்க்காரர். ஒரு பெண் சிங்கத்தை வளர்த்து, அதையும் ஏற்றிக்கொண்டு கிணற்றில் ஓட்டினார். சிங்கத்தைப் புதைத்த இடம் அந்த பப்புக்கு முன்னால்தான்.

அசிங்டனில் ஏ134-ஐக் கடக்கும்போதும் இறங்குங்கள், அங்கே வண்டிகள் வேகம். கடந்ததும் ப்யூர்ஸ் வரை திரும்பவும் ஒழுங்கைதான். ப்யூர்ஸுக்குச் சற்று முன் மேட்டில், பண்ணைப் பாதை வழியாக, செயின்ட் ஸ்டீபன் சிற்றாலயம் இருக்கிறது. 1218-இல் அர்ப்பணித்தது, இதுவும் வைக்கோல் கூரை. கிழக்கு ஆங்கிலியாவின் அரசர் எட்மண்ட் 855-இல் இந்த மேட்டில்தான் முடிசூடினார் என்பது ஊர்ப் பாரம்பரியம். உள்ளே மூன்று கல்லறைகள், மேலே படுத்த நிலையில் கல் உருவங்கள். எல்லாரும் டி வியர் பிரபுக்கள். லாவெனம் கோபுரத்தில் நட்சத்திரம் பார்த்தீர்கள் அல்லவா, அதே குடும்பத்தின் முன்னோர். அவர்களை வேறொரு மடாலயத்திலிருந்து இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அதற்காகத்தான் லாவெனத்தில் தொடங்கி ப்யூர்ஸில் முடியும்படி இந்த வழியை எழுதினேன். எதிர்த்திசையில் போகாதீர்கள்.

வாசலில் நின்றால் எதிர்ச் சரிவில் புல்லில் வரைந்த பெரிய டிராகன் தெரியும். 1405-இல் இங்கே டிராகன் வந்தது என்ற கதையை வைத்து 2012-இல் வெட்டியது. அங்கிருந்து நிலையத்துக்கு இறக்கம்தான். ஸ்டூர் பாலத்தைக் கடந்தால் எசெக்ஸ், நிலையம் அந்தக் கரையில். ரயில் மணிக்கு ஒன்று என்பதால் நேரத்தைப் பார்த்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்குங்கள். ஒன்றைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, ஆற்றங்கரையில் இருந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அடுத்ததில் வரலாம்.